காற்றைப் பிடித்து ஓடும் ஆட்டோபைலட் வேபாயிண்டைச் சேர்வது எப்படி?

கேள்வி இதுதான்: "என் பாய்மரப் படகில் ஆட்டோபைலட் பொருத்தி, காற்றுமானியோடும் ஜிபிஎஸ்ஸோடும் இணைத்துவிட்டேன். வேபாயிண்டை, அதாவது போய்ச் சேர வேண்டிய புள்ளியை, கொடுத்து டிராக் மோட் போட்டால் படகு காற்றுக்குள் மூக்கை நுழைத்து நின்றுவிடுகிறது. விண்ட் மோட் போட்டால் அழகாக ஓடுகிறது, ஆனால் வேபாயிண்டைக் கண்டுகொள்வதே இல்லை. காற்றையும் பார்த்து, வேபாயிண்டுக்கும் கொண்டுபோய்ச் சேர்க்க வழி இல்லையா?"

வழி இருக்கிறது. ஆனால் அதில் பாதி வேலை உங்களுடையது. எந்தக் கோணத்தில் ஓடுவது என்பதை ஆட்டோபைலட் காற்றிடம் கேட்டுக்கொள்ளட்டும். எப்போது திரும்புவது என்பதை நீங்கள் வேபாயிண்டைப் பார்த்து முடிவு செய்யுங்கள். இந்த இரண்டையும் ஒரே மோடிடம் எதிர்பார்ப்பதால்தான் நீங்கள் சொல்லும் சிக்கல் வருகிறது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இதைச் சரியாகப் புரிந்துகொண்டவர்கள் ஆட்டோபைலட்டோடு சண்டை போடுவதில்லை.

ஆட்டோபைலட் ஒரு நேரத்தில் ஒரு எஜமானுக்குத்தான் வேலை செய்யும். காம்பஸ் மோடில் அதன் எஜமான் திசைகாட்டி. 70 டிகிரி என்றால் 70 டிகிரி. நீரோட்டம் இழுத்தாலும் காற்று மாறினாலும் அதற்கு அக்கறை இல்லை. டிராக் மோடில் எஜமான் வரைபடத்தில் போட்ட கோடு. கோட்டிலிருந்து எவ்வளவு தூரம் பக்கவாட்டில் விலகியிருக்கிறோம் என்று ஜிபிஎஸ் சொல்லும். அந்த விலகலைப் பூஜ்யமாக்கச் சுக்கானைத் திருப்பும். விண்ட் மோடில் எஜமான் பாய்மர உச்சியில் இருக்கும் காற்றுமானி. காற்று இத்தனை டிகிரியில் படட்டும் என்று சொல்லிவிட்டால் காற்று போகிற போக்கில் படகும் போகும்.

உங்கள் படகு ஏன் நின்றது என்பது இப்போது தெரிந்திருக்கும். வேபாயிண்ட் காற்று வரும் பக்கத்தில் இருந்தது. பாய்மரப் படகு காற்றுக்கு இரு பக்கமும் ஏறக்குறைய 45 டிகிரிக்குள் ஓட முடியாது என்பது நமக்குத் தெரியும், டிராக் மோடுக்குத் தெரியாது. அது கோட்டைப் பிடித்து அணியத்தை (படகின் முன்முனையை) காற்றுக்குள் திருப்பும். பாயின் முன்விளிம்பு படபடக்கும், வேகம் 5 நாட்டிலிருந்து (நாட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல்) 2-க்கு இறங்கும். வேகம் இறங்கினால் சுக்கானில் பிடிப்பு இருக்காது. பிடிப்பு இல்லாததால் அது சுக்கானை இன்னும் அதிகமாகத் திருப்பும், அது பிரேக் போட்டது மாதிரி மிச்ச வேகத்தையும் தின்றுவிடும். கடைசியில் "பாதை விலகல்" என்று அலாரம் அடிக்கும்.

ஆகவே எந்த பட்டனையும் தொடும் முன் ஒரு கணக்கு. வேபாயிண்ட் இருக்கும் திசைக்கும் உண்மைக் காற்று (படகு ஓடாமல் நின்றால் படும் காற்று) வரும் திசைக்கும் இடையே எத்தனை டிகிரி? 55, 60-க்கு மேல் இருந்து, நேர் பின்காற்றும் இல்லை என்றால் டிராக் மோடே சிறந்தது. குறிப்பாகப் பக்கவாட்டு நீரோட்டம் இருக்கும்போது அதற்கு ஈடு கிடையாது. 5 நாட்டில் ஓடும் படகுக்குக் குறுக்கே 2 நாட் நீரோட்டம் ஓடினால், கோட்டில் நிற்க அணியத்தை ஏறக்குறைய 24 டிகிரி நீரோட்டத்தின் பக்கம் திருப்பி வைக்க வேண்டும். அந்தக் கணக்கை டிராக் மோட் தானே போட்டுக்கொள்ளும். நீங்கள் பாயை அதற்கேற்பக் கட்டிக்கொடுத்தால் போதும். கோணம் அதைவிடக் குறைந்தால் விண்ட் மோட்.

இது ஆட்டோபைலட்டோடு பிறந்த யோசனை இல்லை. 1960-இல் பிளிமத்திலிருந்து நியூயார்க்குக்கு அட்லாண்டிக்கைத் தனி ஆளாகக் கடக்கும் முதல் போட்டி நடந்தது. அதில் வென்ற பிரான்சிஸ் சிசெஸ்டர் தன் படகின் பின்புறம் பெரிய காற்றுத் தகடு ஒன்றைப் பொருத்தி, அதற்கு 'மிராண்டா' என்று பெயரும் வைத்திருந்தார். 40 நாளில் போய்ச் சேர்ந்தார். இரண்டாவதாக வந்த பிளாண்டி ஹேஸ்லருக்கு 48 நாள் ஆனது. அவர் படகையும் காற்றுத் தகடுதான் ஓட்டியது. அந்தத் தகடுகளுக்கு நியூயார்க் எங்கே இருக்கிறது என்று தெரியாது. காற்றோடு ஒரு கோணத்தைக் காத்துக்கொண்டு இரவும் பகலும் ஓட்டின, அவ்வளவுதான். திசைகாட்டியைப் பார்த்து, சூரியனை அளந்து, கோணத்தை மாற்றியவர் மனிதர். விண்ட் மோட் என்பது மின்சாரத்தில் ஓடும் மிராண்டா. அப்படி நினைத்துக்கொண்டால் அதனிடம் எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கக் கூடாது என்பது தெளிவாகிவிடும்.

இனி காற்றை எதிர்த்து ஏறுவதைப் பார்ப்போம். உங்கள் ஆட்டோபைலட்டின் மெனுவில் விண்ட் மோட் இரண்டு வகையாக இருக்கலாம்: தோற்றக் காற்று, உண்மைக் காற்று. ஓடும் படகில் முகத்தில் படுவது தோற்றக் காற்று. படகின் வேகமும் அதில் கலந்திருக்கும். 12 நாட் உண்மைக் காற்று 45 டிகிரியில் வருகிறது, படகு 6 நாட்டில் ஓடுகிறது என்று வையுங்கள். காற்றுமானி கிட்டத்தட்ட 17 நாட், 30 டிகிரி என்று காட்டும். பாய்க்குத் தெரிந்ததும் இந்தக் காற்றுதான். அதனால் எதிர்காற்றில் தோற்றக் காற்றையே பிடிக்கச் சொல்லுங்கள்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. திடீரென்று காற்று 16 நாட்டுக்கு ஓங்கினால், படகின் வேகம் கூடும் முன்பே தோற்றக் காற்று 30-லிருந்து 33 டிகிரிக்குப் பின்வாங்கும். அதைப் பிடிக்க ஆட்டோபைலட் அணியத்தைக் காற்றின் பக்கம் மூன்று டிகிரி ஏற்றும். படகு சாய்வது குறையும், காற்று வரும் திசையில் கொஞ்சம் முன்னேற்றமும் கிடைக்கும். சுக்கானைக் கையில் பிடித்திருக்கும் அனுபவசாலி அந்த நொடியில் செய்வதும் இதைத்தான். காற்று 8 நாட்டுக்குத் தணிந்தால் கோணம் 26-க்கு முன்னால் வரும்; ஆட்டோபைலட் அணியத்தை விலக்கும். அங்கே மட்டும் அது கொஞ்சம் அவசரப்படும். மனிதர் என்றால் படகின் ஓட்ட வேகம் தணியும்வரை ஓரிரு நொடி பொறுத்திருப்பார். சென்சாரின் டாம்பிங் அளவை, அதாவது சட்டென்ற ஏற்ற இறக்கங்களைச் சராசரியாக்கும் அளவை, சற்றுக் கூட்டினால் இந்த அவசரம் குறையும்.

கோணம் எவ்வளவு வைப்பது? படகு எவ்வளவு ஒட்டி ஏறுமோ அதன் கடைசி டிகிரியை வைக்காதீர்கள். கையில் ஓட்டும்போது 30-இல் ஏறும் படகுக்கு ஆட்டோபைலட்டில் 33, 35 கொடுங்கள். அலை வருவதை அது பார்க்காது. அலை அணியத்தில் அடித்து வேகம் விழுந்த பிறகுதான் அதற்குத் தெரியும். மிக ஒட்டி வைத்திருந்தால் அந்த ஒரு அடியில் படகு காற்றுக்குள் போய்விடும். சில நேரம் தானாகவே மறுபக்கம் திரும்பி, பாய் பின்பக்கமாகக் காற்றை வாங்கி நிற்கும். அந்த மூன்று டிகிரியில் இழப்பது சொற்பம், கிடைக்கும் வேகம் அதிகம்.

அடுத்தது, எப்போது டேக் அடிப்பது. டேக் என்றால் அணியத்தைக் காற்றின் ஊடாகத் திருப்பி, காற்றை மறுபக்கம் வாங்குவது. எல்லாவற்றையும்விட இங்கேதான் நான் அதிக நேரம் செலவழிப்பேன், ஏனென்றால் வேபாயிண்டைச் சேர்வதும் சேராததும் இதில்தான் இருக்கிறது.

காகிதக் கணக்குப்படி 45 டிகிரியில் ஏறும் படகு, நேர் எதிர்காற்றில் 10 கடல் மைல் தள்ளியிருக்கும் வேபாயிண்டைச் சேர 14.1 மைல் ஓட வேண்டும். இரண்டு டேக் அடித்தாலும் இருபது அடித்தாலும் மொத்த தூரம் அதேதான். ஆனால் கடலில் படகு பக்கவாட்டில் வழுக்கும், அலை தள்ளும், நீரோட்டம் இழுக்கும். திசைகாட்டியில் 90 டிகிரி திரும்பியிருப்போம். ஜிபிஎஸ் காட்டும் தரைத்தடத்தில், அதாவது படகு நிஜமாக நகர்ந்த பாதையில், பார்த்தால் 105, 110 டிகிரி திரும்பியிருப்போம். 110 என்றால் அந்த 10 மைல் 17.4 மைல் ஆகிவிடும். பயணத் திட்டம் போடும்போது நேரம் பொய்த்துப்போவது இந்த இடத்தில்தான்.

அதனால் உங்கள் படகின் நிஜமான டேக் கோணத்தை நீங்களே அளந்து வைத்துக்கொள்ளுங்கள். விண்ட் மோடில் ஒரு பக்கம் பத்து நிமிடம் ஓடுங்கள். தரைத்தடத் திசையின் சராசரியைக் குறியுங்கள். டேக் அடித்து மறுபக்கம் பத்து நிமிடம் ஓடி மறுபடி குறியுங்கள். அன்றைய காற்றுக்கும் அலைக்கும் நீரோட்டத்துக்கும் இந்த இரண்டு எண்களை விட நம்பகமானது எதுவும் இல்லை.

உதாரணத்துக்கு ஒரு பக்கம் 20 டிகிரி, மறுபக்கம் 130 டிகிரி வருகிறது என்று வைப்போம். காற்று நடுவே, ஏறக்குறைய 75-லிருந்து வருகிறது. வேபாயிண்ட் 50 டிகிரியில், 10 மைல் தூரத்தில் இருக்கிறது. எந்தப் பக்கம் முதலில்? 20 டிகிரித் தடம் வேபாயிண்டிலிருந்து 30 டிகிரி விலகியது. 130 டிகிரித் தடம் 80 டிகிரி விலகியது. 6 நாட்டில் ஓடினால் முதல் தடத்தில் வேபாயிண்டை நோக்கிய வேகம் 5.2 நாட், இரண்டாவதில் 1 நாட். தயங்காமல் 20 டிகிரித் தடத்தை முதலில் எடுங்கள். நீண்ட தடம் முதலில் என்பது பழைய விதி. காரணம், வழியில் காற்று மாறினால் இலக்கின் அருகில் இருப்பவருக்குத்தான் வாய்ப்புகள் மிச்சமிருக்கும். கோடியில் போய் நிற்பவருக்கு ஒரே ஒரு வழிதான் இருக்கும்.

இப்போது 20 டிகிரித் தடத்தில் ஓடிக்கொண்டே வேபாயிண்டின் திசையை மட்டும் கவனியுங்கள். 50-இல் தொடங்கியது மெல்ல 60, 75, 90 என்று ஏறும். அது 130-ஐத் தொடும்போது டேக் அடித்தால் மறுதடம் நேரே வேபாயிண்டுக்குப் போகும். அந்தக் கோட்டுக்குப் பெயர்தான் லேலைன். இந்த உதாரணத்தில் முதல் தடம் 10.5 மைல், இரண்டாவது 5.3 மைல். நான் 130-இல் டேக் அடிக்க மாட்டேன். தொலைவில் இருக்கும்போது லேலைன் வரை போவதே இல்லை; 100 வந்ததும் ஒரு டேக், பிறகு மறுபடி என்று நடுப்பகுதியிலேயே இருப்பேன். கடைசி இரண்டு மூன்று மைலில் மட்டும் லேலைனைப் பிடிப்பேன், அதுவும் 135 வரும்வரை பொறுத்து. ஐந்து டிகிரி அதிகம் போனதால் வரும் நஷ்டம், ஐந்து டிகிரி குறைந்து வேபாயிண்டுக்குக் கீழே (காற்று போகும் பக்கம்) மாட்டி மேலும் இரண்டு டேக் அடிப்பதைவிடக் குறைவு.

இங்கே புதியவர்களைத் திணறடிக்கும் ஒரு எண் உண்டு. பிளாட்டர் (மின்னணுக் கடல் வரைபடம்) திரையில் "வேபாயிண்டை நோக்கிய வேகம்" என்று ஒன்று காட்டும். நம் உதாரணத்தில் அது 5.2-இல் தொடங்கி இறங்கிக்கொண்டே வரும். வேபாயிண்ட் 110 டிகிரிக்கு வரும்போது, அதாவது நம் தடத்துக்கு நேர் பக்கவாட்டில் வரும்போது, பூஜ்யம். லேலைனில், 130 வரும்போது, மைனஸ் 2. எண் மைனஸில் போகிறதே என்று பதறி முன்கூட்டியே டேக் அடிப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஒன்றும் தப்பு நடக்கவில்லை. காற்று வரும் திசையில் நீங்கள் அதே 3.4 நாட்டில்தான் முன்னேறிக்கொண்டிருக்கிறீர்கள். எதிர்காற்றில் பார்க்க வேண்டிய எண் காற்றை நோக்கிய வேகம். வேபாயிண்டை நோக்கிய வேகம் இல்லை.

சொந்தமாக நிரல் எழுதி ஆட்டோபைலட்டைத் தானாக டேக் அடிக்க வைக்க நினைப்பவர்களும் முதலில் விழும் குழி இதுதான். ஓபன்சிபிஎன் வரைபட மென்பொருளையும் பைபைலட் என்ற திறமூல ஆட்டோபைலட்டையும் சேர்த்துப் பயன்படுத்துவோர் பலர். அவற்றோடு விளையாடிப் பார்ப்பது நல்ல பாடம். "வேபாயிண்டை நோக்கிய வேகம் எந்தப் பக்கம் அதிகமோ அந்தப் பக்கம் ஓடு" என்று எழுதினால் என்ன ஆகும்? வேபாயிண்ட் நேர் எதிர்காற்றில், நம் கணக்கில் 75 டிகிரியில், வந்ததும் இரு பக்கமும் சமம். உடனே டேக் அடிக்கும். சில மீட்டர் போனதும் மறுபக்கம் மேல் என்று தோன்றும், மறுபடி டேக். படிக்கட்டு மாதிரி டேக் அடித்துக்கொண்டே வேகம் முழுவதையும் இழக்கும். கோட்டின் இருபுறமும் ஒரு அகலத்தை, சொல்லப்போனால் அரை மைல், வரம்பாகக் கொடுத்து, அதைத் தொட்டால் மட்டும் டேக் என்று எழுத வேண்டும்.

அப்படி எழுதினாலும், பட்டனை அமுக்குவது மனிதக் கையாக இருக்கட்டும் என்பதுதான் என் கருத்து. இதை வலியுறுத்தியே சொல்கிறேன். 1972-ஆம் ஆண்டு சர்வதேசக் கடல் மோதல் தடுப்பு விதிகளில் 12-ஆம் விதி பாய்மரப் படகுகளுக்கானது. இரண்டு படகுகள் வெவ்வேறு பக்கத்தில் காற்றை வாங்கிக்கொண்டு நெருங்கினால், இடப்பக்கத்தில் காற்றை வாங்கும் படகுதான் விலக வேண்டும். நம் உதாரணத்தில் 20 டிகிரித் தடத்தில் காற்று வலப்பக்கம். எதிரே இடப்பக்கக் காற்றில் வரும் பாய்மரப் படகு உங்களுக்கு வழிவிடும். டேக் அடித்து 130-க்குத் திரும்பிய அந்த நொடியில் காற்று இடப்பக்கம் வந்துவிடுகிறது. இப்போது விலக வேண்டியவர் நீங்கள். ஒரு டேக் உங்கள் கடமையையே மாற்றுகிறது. அதே தொகுப்பின் 5-ஆம் விதி எந்நேரமும் கண்ணாலும் காதாலும் கண்காணிப்பு வேண்டும் என்கிறது. ஆட்டோபைலட்டுக்குக் கண்ணும் இல்லை, காதும் இல்லை.

டேக் அடிக்கும் வேலையை ஆட்டோபைலட்டிடம் விடலாம். விண்ட் மோடில் டேக் கட்டளை கொடுத்தால், வலப்பக்கம் 33 டிகிரியில் இருந்த காற்றை இடப்பக்கம் 33-க்கு மாற்றும்படி திரும்பும். நீங்கள் பாய்க்கயிறுகளைப் பார்த்துக்கொள்ளலாம். முதலில் சுற்றிலும் பார்த்துவிட்டு, கயிறு எதிலும் சிக்கியிருக்கிறதா என்று தடவிப் பார்த்துவிட்டு, வேகம் முழுமையாக இருக்கும்போது கட்டளை கொடுங்கள். 3 நாட்டில் தவழும்போது கொடுத்தால் பாதி வழியில், காற்றுக்கு நேரே, நின்றுபோகும்.

விண்ட் மோடின் பெரிய ஆபத்து சத்தமில்லாமல் வருவது. இரண்டு பேர் மாறி மாறிக் காவல் பார்த்து ஓட்டிய ஒரு இரவு. விண்ட் மோட், 35 டிகிரி. என் முறைக்காக மேலே வந்தபோது நண்பர் நிம்மதியாக உட்கார்ந்திருந்தார். திரையில் காற்றின் முள் 35-இலேயே இருந்தது, வேகம் 5.5, பாய் வழவழவென்று நிறைந்திருந்தது. ஏதோ சரியில்லை என்று மட்டும் தோன்றியது. அண்ணாந்து பார்த்தேன். மாலையில், பாய்மரத்தைப் பக்கவாட்டில் தாங்கும் வலப்பக்க ஷ்ரவுட் கம்பிக்கு மேலே தெரிந்த துருவ நட்சத்திரம் பாய்க்குப் பின்னால் மறைந்திருந்தது. நட்சத்திரம் நகராது, நாங்கள்தான் நகர்ந்திருந்தோம். இரண்டு மணி நேரத்தில் காற்று மெல்ல மெல்ல 40 டிகிரி திரும்பியிருந்தது; ஆட்டோபைலட் விசுவாசமாகப் பின்தொடர்ந்திருந்தது. வரைபடத்தில் எங்கள் தடம் அரிவாள் மாதிரி வளைந்து கிடந்தது. முள் அசையாமல் இருந்ததால் நண்பருக்கு எந்த அறிகுறியும் இல்லை. அவர் மேல் தப்பே சொல்ல முடியாது. அலாரம் வைக்காமல் படுக்கப் போனது நான்.

30 டிகிரி மாற்றம், 6 நாட் வேகம் என்றால் ஒரு மணி நேரத்தில் நினைத்த தடத்திலிருந்து 3 மைல் விலகிவிடுவீர்கள். கரையோ பாறையோ பக்கத்தில் இருந்தால் அந்த 3 மைல் போதும். எனவே விண்ட் மோடில் மூன்று வேலிகள் போட்டுக்கொள்ளுங்கள். முதலாவது, ஆட்டோபைலட்டிலேயே இருக்கும் காற்று மாற்ற அலாரம். 15 டிகிரிக்கு வையுங்கள். இரண்டாவது, பிளாட்டரில் வேபாயிண்டுக்கு ரூட்டை உயிரோடு வைத்து, பக்கவாட்டு விலகல் அலாரத்தை எவ்வளவு தூரம் போக அனுமதிப்பீர்களோ அந்த அளவுக்கு வையுங்கள். ஆட்டோபைலட் அதைப் பார்த்து ஓட்டாது, ஆனால் நீங்கள் எல்லை தாண்டும்போது எழுப்பிவிடும். டேக் அடிக்க வேண்டிய நேரத்தையும் அதுவே நினைவூட்டும். மூன்றாவது, காவலில் இருப்பவர் அரை மணிக்கு ஒருமுறை திசைகாட்டி எண்ணைக் காகிதத்தில் எழுதுவது. அந்த இரவுக்குப் பிறகு நான் இதை விட்டதில்லை.

காற்று மாறுவது எப்போதும் கெடுதல் என்று நினைக்க வேண்டாம். வேபாயிண்டின் பக்கம் அணியத்தைக் கொண்டுபோகும் மாற்றம் என்றால் அது பரிசு, அப்படியே ஓடுங்கள். விலக்கிக்கொண்டு போகும் மாற்றம் என்றால், மறுதடம் உங்களை வேபாயிண்டுக்கு அருகே கொண்டுபோகும் என்று அர்த்தம். டேக் அடிக்க அதுவே நல்ல தருணம்.

பின்காற்றில் கதை தலைகீழ். வேபாயிண்ட் நேர் பின்காற்றில் இருந்தால் டிராக் மோடில் போக முடியும், படகு நிற்காது. ஆனால் படகு உருளும், முன்பாய் பெரும்பாயின் நிழலில் துவளும், ஒரு அலை பின்புறத்தைத் தள்ளினால் பூம் (பெரும்பாயின் அடியில் இருக்கும் கட்டை) மறுபக்கத்துக்குப் பாய்ந்து அடிக்கும். அந்த அடியில் தலை மாட்டினால் உயிர் போகும். மிகைப்படுத்திச் சொல்லவில்லை. பெரும்பாயின் பூமை ஒரு கயிற்றால் முன்பக்கம் இழுத்துக் கட்டிவிட்டுத்தான் பின்காற்றில் ஆட்டோபைலட் போட வேண்டும்.

இங்கே தோற்றக் காற்று மோட் போடக் கூடாது. 12 நாட் காற்று 150 டிகிரியில் வருகிறது, படகு 6 நாட் என்றால் காற்றுமானி 126 டிகிரி காட்டும். அதைப் பிடிக்கச் சொல்லியிருக்கிறீர்கள். ஒரு அலை படகைத் தூக்கி 8 நாட்டுக்கு ஓட்டுகிறது. காற்று மாறவே இல்லை, ஆனால் தோற்றக் காற்று 112-க்கு முன்னால் வந்துவிடும். ஆட்டோபைலட் 126-ஐத் திரும்பப் பிடிக்க அணியத்தைப் பின்காற்றின் பக்கம் திருப்பும். அலை கடந்துபோய் வேகம் மறுபடி 6-க்கு விழுந்ததும், 159 டிகிரியில் நிற்கும் படகுக்குத் தோற்றக் காற்று 140 என்று தெரியும். பதறி எதிர்ப்பக்கம் திருப்பும். ஒவ்வொரு அலைக்கும் இந்த ஆட்டம். உண்மைக் காற்று மோட் என்றால் படகின் வேகத்தைக் கழித்துவிட்டே கணக்குப் போடும், இந்த ஊசலாட்டம் இருக்காது.

ஆனால் உண்மைக் காற்றை ஆட்டோபைலட் அளப்பதில்லை, கணக்கிடுகிறது. அந்தக் கணக்குக்குப் படகின் வேகம் வேண்டும். அது படகின் அடியில் சுழலும் சிறு துடுப்புச் சக்கரத்திலிருந்து வருகிறது. பாசி பிடித்து அது நின்றுபோனால் வேகம் பூஜ்யம் என்று போகும். தோற்றக் காற்றையே உண்மைக் காற்று என்று நம்பிவிடும். நம் உதாரணத்தில் 150-ஐப் பிடிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு நிஜத்தில் 165 டிகிரியில் ஓடும். நீங்கள் வைத்திருந்த 30 டிகிரிப் பாதுகாப்பு 15 ஆகிவிட்டது. திரையில் எல்லாம் சரியாகத் தெரியும். புறப்படும் முன் அந்தச் சக்கரத்தைக் கழற்றிக் கழுவிப் போடுங்கள். ஐந்து நிமிட வேலை.

பின்காற்றில் வேபாயிண்டைச் சேரவும் வளைந்து வளைந்தே போகலாம். நேரே 180-இல் போகாமல் 150-இல் போனால் தூரம் 15 சதவீதம் கூடும். நேரே 5 நாட்டில் போகும் படகு 150-இல் 5.8 நாட்டுக்கு மேல் எடுத்தால் லாபம். மெல்லிய காற்றில் பெரும்பாலும் எடுக்கும். பலத்த காற்றில் எப்படியும் படகு முழு வேகத்தில்தான் ஓடும், அப்போது தூரம்தான் கூடும். ஆனால் உருளாமல் போகலாம். எப்போது திரும்புவது என்பதற்கு எதிர்காற்றில் சொன்ன அதே முறைதான்: மறுதடத்தின் திசையும் வேபாயிண்டின் திசையும் ஒன்றாகும்போது. திரும்பும் வேலையை மட்டும் ஆட்டோபைலட்டிடம் தனியாக விடாதீர்கள். பெரும்பாயை நடுவுக்கு இழுத்துக்கொண்டு, பிறகு.

சென்சார் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். காற்றுமானி பாய்மர உச்சியில் இருக்கிறது. 15 மீட்டர் உயரப் பாய்மரம், படகு இருபக்கமும் 10 டிகிரி, 4 விநாடிக்கு ஒருமுறை ஆடுகிறது என்று கணக்குப் போட்டால் உச்சியின் வேகம் 8 நாட் வரை போகும். 10 நாட் காற்றில் அந்த மானி எதை அளக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். அதனால்தான் நல்ல ஆட்டோபைலட்டுகள் படகு திரும்புவதை உணரும் கைரோவை நொடிக்கு நொடி பார்த்துப் படகை நேராக ஓட்டி, காற்றின் சராசரியைப் பார்த்து மெதுவாகத் திசையைத் திருத்துகின்றன. மெல்லிய காற்றும் பழைய பெரிய அலையும் சேர்ந்திருக்கும் நாளில் விண்ட் மோட் தள்ளாடினால் இயந்திரத்தில் கோளாறு இல்லை. காம்பஸ் மோடுக்கு மாறி, காற்று மாறும்போது நீங்களே 5 டிகிரி திருத்திக்கொள்ளுங்கள்.

மானியின் பூஜ்யப் புள்ளியையும் சரிபார்க்க வேண்டும். வலப்பக்கம் ஏறும்போது 32, இடப்பக்கம் ஏறும்போது 26 என்று வந்தால், பாய் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி நிறைந்திருக்கும்போது மானி மூன்று டிகிரி கோணலாக இருக்கிறது. அதைத் திருத்தாமல் டேக் அடித்தால் ஒரு பக்கம் தூங்கும், மறுபக்கம் படபடக்கும்.

இணைப்பில் கவனிக்க வேண்டிய ஒரு இடம். படகுக் கருவிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் பழைய என்எம்இஏ 0183 கம்பியில் காற்று எம்டபிள்யூவி என்ற வாக்கியமாக வருகிறது. அதில் ஆர் என்றால் தோற்றக் காற்று, டி என்றால் உண்மைக் காற்று. வேபாயிண்ட் தகவல் ஏபிபி, ஆர்எம்பி வாக்கியங்களாக வருகிறது. என்எம்இஏ 2000-இல் காற்று 130306, வேபாயிண்ட் 129284 என்ற எண்களில். விண்ட் மோட் விசித்திரமாக நடந்தால் ஆட்டோபைலட் எந்த வகைக் காற்றை வாங்குகிறது என்று முதலில் பாருங்கள். வேபாயிண்டின் திசை காந்த வடக்கிலா உண்மை வடக்கிலா, தரைத்தடத் திசை எதில் என்பதும் ஒத்துப்போக வேண்டும். இல்லாவிட்டால் மேலே சொன்ன 130 டிகிரிக் கணக்கு தப்பும்.

பாயைச் சமநிலையில் வையுங்கள். ஆட்டோபைலட்டை ஒரு நிமிடம் நிறுத்தி, சுக்கானைக் கையில் பிடித்துப் பாருங்கள். கை வலிக்கும் அளவுக்கு இழுத்தால் அந்த இழுப்போடுதான் அது நாள் முழுக்கப் போராடுகிறது, பேட்டரியும் கரைகிறது. பெரும்பாயைக் கொஞ்சம் தளர்த்துங்கள் அல்லது ஒரு ரீஃப் எடுங்கள் (பாயின் ஒரு பகுதியைச் சுருக்கிக் கட்டுங்கள்). இரண்டு விரலில் பிடிக்க முடிகிற நிலைக்கு வந்த பிறகு திருப்பிக் கொடுங்கள்.

கடைசிக் கட்டம். கடைசி டேக் அடித்து லேலைனில் வந்துவிட்டீர்கள், ஐந்து டிகிரி கூடுதலாகக் கையில் இருக்கிறது. இப்போதும் விண்ட் மோடிலேயே இருங்கள், தரைத்தடத் திசையையும் வேபாயிண்ட் திசையையும் ஒப்பிட்டுக்கொண்டே. பாதி தூரம் போனபின்பும் அந்த ஐந்து டிகிரி மிச்சமிருந்தால் டிராக் மோடுக்கு மாறலாம், பாய்க்கயிற்றைச் சற்று விட்டுக்கொடுத்து. மிதவை, பாறை, துறைமுக வாய் ஆகியவற்றின் மேலேயே வேபாயிண்டை வைக்காமல் கால் மைல் தள்ளித் திறந்த நீரில் வையுங்கள். டிராக் மோட் அதை மீட்டர் கணக்கில் துல்லியமாகப் போய்த் தொடும். அந்தப் புள்ளி வந்ததும் ஸ்டாண்ட்பை பட்டனை அமுக்கிச் சுக்கானைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள்.